மோர்ஸ் கட்டாயமா, மனப்பாடம் செய்து தேறுவது தப்பா? ஹாம் உரிமத் தேர்வு பற்றி ஒரு கேள்வி

தாமிரபரணி_அலை (ஜூன் 2022)

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பக்கம் ஊர், பி.எஸ்சி. இயற்பியல் இந்த வருடம் முடித்திருக்கிறேன். ஹாம் ரேடியோ (வீட்டிலிருந்தே ரேடியோ வழியாக மற்றவர்களோடு பேசும் பொழுதுபோக்கு) உரிமத்துக்கான தேர்வை எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் எந்த வகைக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் இழுபறி.

நான் புரிந்துகொண்டது இது. ரெஸ்ட்ரிக்டட் வகைக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதும். ஜெனரல் வகைக்கு அதோடு மோர்ஸும், அதாவது புள்ளி கோடு ஓசைகளால் எழுத்துகளை அனுப்பும் தந்திக் குறியீடும், வேண்டும், நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் கேட்டு எழுதவும் வேண்டும், கீ என்ற விசையில் தட்டி அனுப்பவும் வேண்டும். எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி: ஒன்று ரேடியோ கோட்பாடு, இன்னொன்று விதிமுறைகள்.

எனக்கு யோசனை சொன்ன இரண்டு பேரும் நேர் எதிராகச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பல வருடமாக உரிமம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், "மோர்ஸ் தெரியாதவன் மைக்கைப் பிடித்துப் பேசுகிறவன், அவ்வளவுதான், அவனை ஹாம் என்று சொல்ல முடியாது" என்கிறார். கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவர் கேள்வி பதில் தொகுப்பு ஒன்றை பிடிஎஃப்பாக அனுப்பி, "இதை அப்படியே உருப்போடு, தேர்வு முடிந்துவிடும், மோர்ஸ் பக்கமே போகாதே" என்கிறார். அந்த பிடிஎஃப்பைப் புரட்டினேன். பாதி கேள்விக்கு எனக்கே விடை தெரியும், மீதியை உருப்போட்டால் தேறிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அப்படித் தேறினால் அது நியாயமான தேர்ச்சிதானா என்று மனதுக்குள் ஒரு உறுத்தல் இருக்கிறது, அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே கேட்கிறேன். இன்றைக்கு மோர்ஸ் உண்மையில் எதற்காவது பயன்படுகிறதா, இல்லை அது ஒரு மரியாதைச் சின்னம் மட்டும்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்புக்கம்பி

வாங்கம்மா. முதலில் அந்தப் பெரியவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் ரெஸ்ட்ரிக்டட் உரிமம் வாங்கிய எத்தனையோ பேர் ஆன்டெனா வேலையிலும் செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதிலும் நல்ல கெட்டிக்காரர்கள். 2005-இல் இஸ்ரோ ஹாம்சாட் என்று ஹாம்களுக்காகவே ஒரு செயற்கைக்கோள் விட்டதே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6-இல் போனது, அதன் வழியாகப் பேச மோர்ஸ் தேவைப்படவில்லை, செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேலே வரும், டாப்ளர் விளைவுக்கு அலைவரிசையை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதெல்லாம்தான் தெரிய வேண்டியிருந்தது. அதுவும் திறமைதான்.

ஆனால் "எதற்காவது பயன்படுகிறதா" என்ற கேள்விக்கு என் பதில், ஆமாம், நிறையவே. காரணம் வெறும் கணக்கு. எஸ்எஸ்பியில் (ஹாம்கள் குரலுக்குப் பயன்படுத்தும் முறை) குரல் போக ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸ் கேட்க 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் தாராளம். அகலம் பத்தில் ஒன்று என்றால் உள்ளே நுழையும் இரைச்சலும் பத்தில் ஒன்று, அதாவது 10 டெசிபல் லாபம். அனுப்புகிறவர் சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் என்ன கிடைக்குமோ அது ஒரு ஃபில்டரில் கிடைத்துவிடுகிறது. நம் ஊரில் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள ஹாம் அலைவரிசைத் தொகுதி) போடுகிற இரைச்சலில் குரல் மூழ்கிப் போகும் நாளிலும் மோர்ஸ் மட்டும் கேட்கும்.

அப்புறம் கருவி. மோர்ஸ் அனுப்பும் கருவியை இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், கொஞ்சம் உதிரி பாகம் வைத்துக் கட்டலாம். பிக்ஸி என்று ஒரு கிட் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும், விலையும் குறைவு. குரல் கருவியை வீட்டில் கட்டுவது அதைவிடப் பெரிய வேலை, அதையும் நம் ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் வடிவமைப்பை வெளியிட்டு எவ்வளவோ எளிதாக்கிவிட்டார் என்பது வேறு விஷயம். கையில் காசு குறைவாக உள்ள மாணவர்களுக்கு மோர்ஸ் ஒரு நல்ல வழி, அதனால்தான் சொல்கிறேன். மரியாதைக்காக யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

நாற்பது_மீட்டர்

செப்புக்கம்பி சார் சொன்ன டெசிபல் கணக்கு சரி. ஆனால் அது மோர்ஸ் நல்லது என்பதற்கான காரணம், மோர்ஸைத் தேர்வில் கட்டாயமாக்குவதற்கான காரணம் இல்லை. இந்த இரண்டையும் எப்போதும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இந்தக் கட்டாயம் எப்படி வந்தது என்று பாருங்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய சில மாதங்களில் அமெரிக்காவில் ரேடியோ சட்டம் வந்தது. அப்போது கப்பல்கள், கரை நிலையங்கள், அமெச்சூர்கள் (ஹாம்கள்) எல்லோரும் மோர்ஸில்தான் இருந்தார்கள், ஒருவர் அனுப்புவது இன்னொருவர் காதில் விழும். கப்பல் ஒன்று ஆபத்தில் உதவி கேட்டால், அல்லது அரசு நிலையம் "வாயை மூடு" என்று சொன்னால், அமெச்சூருக்கு அது புரிய வேண்டும். அதற்காகத்தான் எல்லோருக்கும் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். உலக அளவில் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிபரப்ப மோர்ஸ் தேவை என்ற விதி நீடித்ததற்கும் அதே சிந்தனைதான் அடிப்படை. 1999 பிப்ரவரியில் கப்பல்களே புதிய ஆபத்துக்கால முறைக்கு முழுமையாக மாறிவிட்டன. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் அந்த விதியையும் எடுத்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டார்கள். அந்த ஆண்டே பிரிட்டனும் ஜெர்மனியும் கைவிட்டன, 2007-இல் அமெரிக்கா கைவிட்டது. நம் நாட்டில் ஜெனரல் வகைக்கு இன்னும் நிற்கிறது.

பேரிடரில் கைகொடுக்கும் என்று யாராவது சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது பாரதி பிரசாத் அம்மா ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள், அந்தமானின் தொலைபேசி எல்லாம் செத்துப்போனதும் அதே நிலையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாள் கணக்கில் தகவல் கடத்தினார்கள். இலங்கையில் ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே விக்டர் குணதிலக குழுவினர் ரேடியோ இணைப்பு கொடுத்தார்கள். இவர்களில் மோர்ஸ் தெரிந்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்தச் செய்திகள் பெரும்பாலும் குரலில்தான் போயின. தன் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்கும் ஒருவரின் செய்தியை, பெயர், ஊர், தங்கியிருக்கும் இடம் என்று வரிசையாக, பக்கத்தில் நிற்கும் அதிகாரிக்கும் கேட்கும்படி கடத்தக் குரல்தான் வேகம்.

ஆக, மோர்ஸ் பிடித்திருந்தால் படியுங்கள். உரிமத்தின் வாசலில் அதை வைத்து மறிப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதுவும் காது சரியாகக் கேட்காதவர்களுக்கு இந்த வாசல் என்ன செய்கிறது என்று யோசித்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ஓம்விதி_வாத்தியார்

மோர்ஸ் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்ளட்டும், நான் அந்த உறுத்தலைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் ஹாம் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

மனப்பாடம் என்றாலே தாழ்வாகப் பார்க்கிறோம். ஆனால் இந்தத் தேர்வின் இரண்டு பகுதிகளும் இரண்டு வேறு ஜாதி. விதிமுறைப் பகுதியை உருப்போடத்தான் வேண்டும், அங்கே "புரிந்துகொள்ள" பெரிதாக ஒன்றும் இல்லை, வாய்ப்பாடு மாதிரி கேட்டவுடன் நாக்கில் வர வேண்டும். நம் நாட்டில் 40 மீட்டர் பேண்டு 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் 7.300 வரை. 2 மீட்டரில் நமக்கு 144 முதல் 146, அவர்களுக்கு 148 வரை. 70 சென்டிமீட்டரில் நமக்கு 434 முதல் 438, அவர்களுக்கு 420 முதல் 450. சந்தையில் கிடைக்கும் சீன வாக்கிடாக்கி எதுவும் இதைப் பார்த்து உங்களைத் தடுக்காது, 147-ஐ அழுத்தினால் 147-இல் ஒலிபரப்பிவிடும். இணையத்தில் அமெரிக்க யூடியூப் காணொளி பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் அந்த எண்களை மண்டையில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், தேர்வில் மதிப்பெண் போவது இருக்கட்டும், காற்றில் போனால் அடுத்தவனுடைய அலைவரிசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதனால் நம் எண்களைத்தான் உருப்போட வேண்டும். க்யூ என்று தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கக் குறிகளும் அப்படியே. ஒருவர் க்யூஎஸ்ஒய் என்றால் அலைவரிசை மாற்றச் சொல்கிறார், க்யூஆர்எம் என்றால் அடுத்த நிலையத்தின் தொந்தரவு, க்யூஆர்என் என்றால் இடி மின்னலின் இரைச்சல், க்யூஎஸ்பி என்றால் சிக்னல் ஏறி இறங்குகிறது. பேச்சுக்கு நடுவில் புத்தகம் புரட்ட முடியாது. வியாபாரச் செய்தி கூடாது, தன் காதில் விழுந்த அடுத்தவர் செய்தியை வெளியே சொல்லக் கூடாது, அழைப்புக்குறி (உரிமத்தோடு தரும் அடையாளப் பெயர்) சொல்லாமல் ஒலிபரப்பக் கூடாது, இதெல்லாம் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, பழக்கமாக வர வேண்டியது. ஆகவே அந்தப் பாதியை உருப்போடுவதில் உறுத்த ஒன்றுமே இல்லை.

கோட்பாட்டுப் பகுதி வேறு. அங்கே உருப்போட்டால் தேறலாம், ஆனால் தேறிய மறுநாளே மாட்டிக்கொள்வீர்கள். ஒரு உதாரணம், டைபோல் என்ற, நடுவில் இணைப்பு கொடுக்கும் கம்பி ஆன்டெனா. "அரை அலை டைபோலின் மைய மின்மறுப்பு எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஏறத்தாழ 73 ஓம் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். மொட்டை மாடியில் கம்பியைக் கட்டினால் அந்த 73 வருவதில்லை. அந்த எண் வெட்டவெளியில் தனியாகத் தொங்கும் கம்பிக்கு. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்து அது ஏறும் இறங்கும், தாழ்வாக வளைந்து தலைகீழ் வீ வடிவில் கட்டினால் 50-க்கு அருகில்கூட வரும். இதைத் தெரிந்தவர் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனா கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளப்பது) காட்டும் எண்ணைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பார். 73 என்று மட்டும் உருப்போட்டவர் கடைக்குப் போய் இன்னொரு கருவி வாங்குவார்.

எஸ்டபிள்யூஆரும் அப்படித்தான். "3-க்கு 1 என்றால் மோசம்" என்று உருப்போடாதீர்கள். அனுப்பிய சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பிரதிபலிப்புக் குணகம் 0.5, அதன் வர்க்கம் 0.25, முடிந்தது. 2-க்கு 1 என்றால் 11 விழுக்காடுதான். இயற்பியல் படித்த உங்களுக்கு இது இரண்டு வரி. அந்தக் கணக்கு கையில் இருந்தால், 1.5 வரவில்லையே என்று ஆன்டெனாவை வாரக்கணக்கில் வெட்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

அதனால் என் யோசனை இது. அந்த பிடிஎஃப்பை வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போட வேண்டாம். கோட்பாட்டுக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைப் பார்ப்பதற்கு முன், தப்பான மூன்று விடைகள் ஏன் தப்பு என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வி உங்களுடையது. முடியாதவற்றை மட்டும் குறித்து வைத்துப் படியுங்கள். அந்த பிடிஎஃப்களில் விடை தப்பாக அச்சானவையும் உண்டு, பரப்புகிறவர்கள் யாரும் திருத்துவதில்லை. இப்படிப் படித்தால் அந்தத் தப்பும் தானாகவே கண்ணில் படும்.

பழைய_கீ

நாற்பது மீட்டர் தம்பி சொன்ன வரலாறு முழுக்க உண்மை, மறுக்கவில்லை. காது கேளாதவர்களுக்கு மாற்று வழி வேண்டும் என்பதிலும் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் ஜெனரலுக்கு மோர்ஸ் இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

8 சொல் என்பது என்ன வேகம் என்று பாருங்கள். பாரிஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக வைத்து அதற்கு 50 அலகு என்று கணக்கு. நிமிடத்துக்கு 8 என்றால் 400 அலகு, ஒரு புள்ளியின் நீளம் 150 மில்லிசெகண்ட். ஒரு எழுத்துக்குச் சராசரியாக ஒன்றரை நொடி கிடைக்கிறது. அமெரிக்காவில் முன்பு எக்ஸ்ட்ரா என்ற உச்ச வகைக்கு 20 சொல் கேட்டார்கள், நம்மிடமே முதல் நிலைக்கு 12 இருந்தது. அவற்றோடு பார்த்தால் 8 ஒரு மலையே இல்லை. தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் வேலைக்குப் போகிற குடும்பஸ்தனுக்கும் வந்துவிடும்.

அப்படிக் கொஞ்ச நேரம் ஒதுக்கி, வராமல் போய், மறுபடி உட்கார்ந்து பழகிய ஒருவர் பேண்டில் வேறு மாதிரி நடந்துகொள்கிறார் என்பது நான் கண்ணால் பார்த்தது. முதலில் காது கொடுத்துக் கேட்பார். அலைவரிசை காலியா என்று பார்க்காமல் ஒலிபரப்ப மாட்டார். மோர்ஸ் படிக்கும்போது முக்கால்வாசி நேரம் கேட்கிறதில்தான் போகிறது, அந்தப் பழக்கம் மைக்கைப் பிடித்தாலும் கூடவே வருகிறது. எழுத்துத் தேர்வை உருப்போட்டுத் தேறலாம், மோர்ஸை உருப்போட்டுத் தேற முடியாது, காதில் ஏறினால்தான் உண்டு. இந்தத் தேர்விலேயே ஏமாற்ற முடியாத பகுதி அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் கையால் செய்து காட்டச் சொல்லும் எதுவுமே இந்தத் தேர்வில் மிஞ்சாது.

நாற்பது_மீட்டர்

ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்னதை முழுசாக ஏற்கிறேன். ஆனால் அது மோர்ஸுக்கான வாதமில்லை, செய்முறைத் தேர்வுக்கான வாதம். செய்முறை வேண்டும் என்றால் ஒரு டைபோலை அளந்து வெட்டச் சொல்லுங்கள், கோஆக்சியல் கேபிளுக்குக் கனெக்டர் பற்றவைக்கச் சொல்லுங்கள், போலி பேரிடர்ச் செய்தி ஒன்றைக் கொடுத்து எழுத்துப் பிசகாமல் குரலில் கடத்தச் சொல்லுங்கள். அதையெல்லாம் ஒருவரும் சோதிக்காமல் 19-ஆம் நூற்றாண்டுத் தந்தியை மட்டும் சோதிப்பது ஏன்?

கேட்கும் பழக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோர்ஸ் தேறியவர்களில் அடுத்தவர் மேல் ஏறிப் பேசுகிறவர்களும் உண்டு, மைக் மட்டும் பிடித்தவர்களில் மிகுந்த ஒழுங்கோடு நெட் (பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) நடத்துகிறவர்களும் உண்டு. அது வளர்ப்பு, குழு, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய_கீ

அப்படி ஒரு செய்முறைத் தேர்வு கொண்டுவந்தால் மோர்ஸை விட்டுக்கொடுக்க நான் தயார். வருகிற வரைக்கும் இருப்பதைப் பிடுங்க வேண்டாம் என்பேன்.

டல்லாஸ்_தமிழன்

கேள்விகளை வெளியிடுவது, மோர்ஸை எடுப்பது, அமெரிக்காவில் இரண்டுமே நடந்து முடிந்துவிட்டது, அதனால் இங்கே என்ன ஆயிற்று என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

கேள்விகள்: முன்பு ரகசியமாக வைத்திருந்தார்கள். 1980-களில் தேர்வு நடத்தும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் கொடுத்தபோது கேள்வித் தொகுப்பையே விடைகளோடு வெளியிட ஆரம்பித்தார்கள். தொடக்கநிலையான டெக்னீசியனுக்கு 400-க்கும் கொஞ்சம் கூடுதலான கேள்விகள், அதிலிருந்து 35 வரும், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஜெனரலுக்கும் அதே 35, 26. எக்ஸ்ட்ராவுக்கு 50-இல் 37. நான்கு வருடத்துக்கு ஒரு முறை தொகுப்பை மாற்றுவார்கள். எல்லாமே வெளிப்படை, ஆகவே இங்கே மனப்பாடம் செய்வதை யாரும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவையும் பார்க்கிறேன். வார இறுதியில் ஆப்பில் விடைகளை அழுத்தி அழுத்தி எக்ஸ்ட்ரா வரைக்கும் தேறியவர்கள் எங்கள் கிளப்புக்கு வந்து, "ரிக்கின் (ரேடியோ கருவியின்) பின்னாலுள்ள எந்தத் துளையில் ஆன்டெனா போக வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறைத்துப் பேசவில்லை, கேட்க வருகிறார்களே என்று எனக்கு மகிழ்ச்சிதான். என் வருத்தம் வராதவர்களைப் பற்றியது. உரிமம் வாங்கியதோடு வாக்கிடாக்கியை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் ஏராளம். உரிமம் வைத்திருப்பவர்கள் 7 லட்சத்துக்கு மேல், ஆனால் பேண்டில் கேட்கிற குரல்களில் அந்தக் கூட்டம் தெரியாது.

மோர்ஸ்: 2000 ஏப்ரலில் எல்லா வகைக்கும் 5 சொல்லாகக் குறைத்தார்கள், 2007 பிப்ரவரி 23 முதல் முழுக்க எடுத்துவிட்டார்கள். மோர்ஸ் அழிந்துவிடும் என்று அப்போது பெரிய சண்டை. அழியவில்லை. நவம்பர் கடைசி வார இறுதியில் நடக்கிற சிக்யூ உலகப் போட்டியின் மோர்ஸ் பகுதி சமயத்தில் பேண்டின் கீழ்முனையைத் திருப்பிப் பாருங்கள், இடமே இருக்காது. இப்போது படிக்கிறவர்கள் தேர்வுக்காகப் படிக்கவில்லை, விரும்பிப் படிக்கிறார்கள். சிடபிள்யூஆப்ஸ் என்ற கிளப் இணையத்தில் இலவசமாகவே வகுப்பு நடத்துகிறது, அதற்கு எந்த நாட்டுக்காரரும் சேரலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்புக்கம்பி சார் சொன்ன பலவீன சிக்னல் லாபத்தில் இப்போது மோர்ஸ் முதலிடத்தில் இல்லை. 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் எஃப்டி8 என்ற கணினி வழி முறையைக் கொண்டுவந்தார்கள். டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர், தாமிரபரணிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 15 நொடிக்கு ஒரு தவணை, 50 ஹெர்ட்ஸ் அகலம், காதுக்கே எட்டாத சிக்னலைக் கணினி பிரித்து எழுதிவிடும். ஆனால் அழைப்புக்குறி, இடம், சிக்னல் அளவு, அதோடு முடிந்தது. ஒருவரோடு மழை பெய்கிறதா என்று பேச முடியாது. குறைந்த சக்தியில் உண்மையிலேயே பேச வேண்டும் என்றால் இன்றைக்கும் மோர்ஸ்தான் எனக்குப் பிடிக்கும். நான் உரிமம் வாங்கிய பிறகு, யாரும் கட்டாயப்படுத்தாமல் படித்தேன்.

தாமிரபரணி_அலை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக யாரும் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. வாத்தியார் சார், தப்பான மூன்று விடைகள் ஏன் தப்பு என்று பார்க்கும் முறையை நேற்று இரவே முயன்றேன். கெப்பாசிட்டர், இண்டக்டர் எல்லாம் பிரச்சினை இல்லை. ரிசீவர் பகுதியில்தான், அதாவது இமேஜ் அலைவரிசை, ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) என்று வருகிற இடங்களில், விடை தெரிந்தும் காரணம் சொல்ல முடியவில்லை. அவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு ரெஸ்ட்ரிக்டட் எழுதிவிட்டு, மோர்ஸைப் பொறுமையாகப் பழகிக்கொண்டு ஜெனரலுக்குப் பிறகு போகலாம் என்று நினைக்கிறேன். பழைய கீ ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. மோர்ஸ் அட்டவணையை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், புள்ளி கோடு என்று எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். இது சரியான வழிதானா?

பழைய_கீ

நல்ல முடிவும்மா. அந்த அட்டவணையை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடு. கண்ணால் படித்தால் மூளை ஒவ்வொரு எழுத்துக்கும் "கோடு, புள்ளி, கோடு, புள்ளி, ஆக இது சி" என்று எண்ணிப் பார்க்கும். 5 சொல் வரைக்கும் அது ஓடும், 8-க்குத் தட்டுத் தடுமாறி வரும், 10 பக்கத்தில் போனதும் அப்படியே நின்றுவிடும், பிறகு எண்ணுகிற பழக்கத்தை மறப்பதுதான் பெரிய பாடாகிவிடும். சி என்பது "டா டி டா டி" என்ற ஒரே ஓசை. க்யூ என்பது "டா டா டி டா". தாளச் சொற்கட்டு காதில் ஏறுகிற மாதிரி மொத்தமாக ஏற வேண்டும்.

1930-களில் கோக் என்று ஒரு ஜெர்மானிய உளவியலாளர் இதற்கு ஒரு முறை வகுத்தார். இரண்டே எழுத்தில் தொடங்க வேண்டும், வழக்கமாக கே, எம். ஆனால் முழு வேகத்தில், 18 அல்லது 20 சொல் வேகத்துக்குரிய ஓசையில். பத்துக்கு ஒன்பது சரியாக எழுத வந்ததும் மூன்றாவது எழுத்தைச் சேர்க்க வேண்டும், அப்புறம் நான்காவது, இப்படியே. எழுத்தின் ஓசை வேகமாகவும், எழுத்துக்கு இடையிலான இடைவெளி மட்டும் நீளமாகவும் வைத்துப் பழகினால், மொத்தத்தில் 8 சொல் வேகம் கிடைக்கும், எண்ணிப் பார்க்கும் அவகாசம் மட்டும் கிடைக்காது. எல்சிடபிள்யூஓ என்ற இணையதளத்தில் இதை இலவசமாகப் பழகலாம். தேர்வுக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டும், ஓசையையும் மெதுவாக்கி 8 சொல் வேகத்தில் கேட்டுப் பழகிக்கொள், தேர்வில் எப்படிக் கொடுத்தாலும் தடுமாறாமல் இருக்கும்.

தடுக்கி விழுகிற இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். எஸ், எச், 5 மூன்றும் வெறும் புள்ளிகள், மூன்றா நான்கா ஐந்தா என்று காது குழம்பும். வி-யும் 4-உம், பி-யும் 6-உம் அப்படியே. இவற்றைத் தனியாகக் கலந்து வைத்துக் கேட்டுப் பழகு. ஒரு எழுத்து விட்டுப்போனால் அதைப் பற்றி யோசிக்காதே, ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் பிடி. விட்டதை நினைத்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிற மூன்றும் போய்விடும், நிறையப் பேர் இப்படித்தான் தேர்வில் கோட்டை விடுகிறார்கள்.

அனுப்புவதற்கு வேகத்தைவிட இடைவெளி முக்கியம். கோடு மூன்று புள்ளி நீளம், எழுத்துக்கு இடையே மூன்று, சொல்லுக்கு இடையே ஏழு. சாதாரணக் கீயில் மணிக்கட்டால் தட்டு, விரலால் குத்தாதே. உன் கையால் அனுப்பியதை போனில் பதிவு செய்து மறுநாள் கேட்டு நீயே எழுதிப் பார், உனக்கே புரியவில்லை என்றால் எதிரில் இருப்பவருக்கும் புரியாது.

செப்புக்கம்பி

இத்துடன் ஒன்று சேர்க்கிறேன். உரிமம் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், போனிலேயே பேண்டைக் கேட்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு ரிசீவரை இணையத்தில் வைத்திருக்கிறார்கள், வெப்எஸ்டிஆர் என்று தேடினால் கிடைக்கும். 7.000-லிருந்து 7.040 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்புங்கள், அந்தப் பகுதி முழுக்க மோர்ஸ்தான். முதலில் ஒன்றும் புரியாது, வேகமாகப் போகும். சிக்யூ (யாராவது பேச வாருங்கள்) என்ற அழைப்பு மட்டும் காதில் பிடிபட்டால் போதும். உரிமம் வந்ததும் அதில் எந்தெந்த வகை ஒலிபரப்புக்கு அனுமதி என்று எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்துவிட்டு அனுப்ப ஆரம்பியுங்கள்.

ஓம்விதி_வாத்தியார்

இமேஜ் அலைவரிசை பற்றி: ரிசீவரின் ஐஎஃப் 455 கிலோஹெர்ட்ஸ், நீங்கள் கேட்பது 7,100, உள் ஆசிலேட்டர் 7,555 என்று வையுங்கள். 7,555-லிருந்து 7,100-ஐக் கழித்தால் 455. இப்போது 8,010-இல் வேறொரு நிலையம் இருந்தால் அதற்கும் ஆசிலேட்டருக்கும் எவ்வளவு வித்தியாசம்? அதே 455. அந்த 8,010தான் இமேஜ். சிக்னலை ஆசிலேட்டரோடு கலந்து ஐஎஃப்-ஆக மாற்றும் மிக்சருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் மிக்சருக்கு முன்னாலேயே ஃபில்டர் வேண்டும், ஐஎஃப் கூடுதலாக இருந்தால் இமேஜ் தூரப் போய் வடிகட்டுவது எளிதாகும். குறித்து வைத்த மற்ற கேள்விகளையும் இங்கேயே போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.